ஆறு நரம்பும் ஏழு சுரமும்

நுழையும்முன்

அயல்நாட்டில் உருவான ஒரு கருவி, தமிழ் மண்ணில் வளர்ந்த இசையை அதன் இயல்பு கெடாமல் ஒலிக்க இயலுமா? இயலும் எனில், அக்கருவியை மீட்டும் கலைஞர் எவற்றையெல்லாம் கற்றிருத்தல் வேண்டும்? ராக் இசையின் அடையாளமாக விளங்கும் மின்கித்தாரில் கர்நாடக இசையை வாசித்து உலக அரங்குகளில் புகழ்பெற்றவர், இராணிப்பேட்டையைச் சேர்ந்த கித்தார் கலைஞர் பிரசன்னா. அவருடைய இசைவாழ்வையும் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் அவர் தோற்றுவித்த இசைக்கல்வி நிலையத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

யாழ் ஒலித்த கடற்கரை

மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி நோக்கித் தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை, சதுரங்கப்பட்டினப் பகுதியைக் கடந்து செய்யூர் வட்டத்துள் நுழைகிறது. அவ்வட்டத்தில் உள்ள இடைக்கழிநாடு, தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்ற பெயராகும். பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். 269 அடிகளைக் கொண்ட அந்நூல், சீறியாழை ஏந்திய பாணன் ஒருவனை ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்துகிறது. அவ்வழியில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினமும் வருகிறது.

பல்லவர் காலத்திலும் இக்கடற்கரைக்கு இசைத்தொடர்பு உண்டு. மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலை எடுப்பித்தவன் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மன். அவனைக் காஞ்சிக் கைலாசநாதர் கோயில் கல்வெட்டு 'வீணா நாரதன்' என்னும் விருதுப்பெயரால் போற்றுகிறது. காலப்போக்கில் யாழ் வழக்கொழிந்தது, வீணை நிலைபெற்றது. கருவிகள் மாறினும் இசை தொடர்ந்தது என்பதற்கு இது முதற்சான்று.

கடல் வழியாகப் பொருள்கள் வந்தன, மொழிகள் வந்தன, இசைக்கருவிகளும் வந்தன. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர், ஐரோப்பியக் கருவியான வயலினைச் சென்னையில் கற்றுக் கர்நாடக இசைக்கு ஏற்றதாக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அக்கருவியில் வல்லவராகத் திகழ்ந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. அது வெளிநாட்டுக் கருவி என்ற எண்ணமே கேட்போர் உள்ளத்தில் எழுவதில்லை.

எல்லாக் கருவிகளுக்கும் இத்தகைய வரவேற்பு கிடைத்துவிடவில்லை. இந்திய இசையின் நுட்பமான அசைவுகளை ஆர்மோனியத்தால் வெளிப்படுத்த இயலாது என்னும் கருத்து வலுப்பெற்றதால், அகில இந்திய வானொலி 1940இல் அதனைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது. அத்தடை தளர்த்தப்படுவதற்கு 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, ஒரு புதிய கருவி அரங்கேறும்போது, "இதனால் கமகத்தை ஒலிக்க இயலுமா?" என்னும் வினாவிற்கு அக்கருவியும் அதனை ஏந்திய கலைஞரும் விடையளித்தாக வேண்டும். மின்கித்தாரும் அவ்வினாவை எதிர்கொண்டது.

மின்கித்தாரும் ராக் இசையும்

கித்தார் பொதுவாக ஆறு நரம்புகளைக் கொண்டது. அதன் கழுத்துப் பகுதியில் குறுக்கே பதிக்கப்பட்ட உலோகப் பட்டைகளை, வீணையில் வழங்கும் சொல்லைக் கொண்டே மெட்டுகள் எனலாம். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டிற்கு விரல் நகரும்போது நரம்பின் அதிர்வெண் ஏறத்தாழ 1.06 மடங்கு உயர்கிறது. பன்னிரண்டு மெட்டுகளைக் கடந்தால் அதிர்வெண் இருமடங்காகிறது. அதாவது, கீழ்ச் சட்ஜம் மேல் சட்ஜமாகிறது.

மரக்கித்தாரில் அதன் உட்குழிந்த உடற்பகுதி ஒலியைப் பெருக்குகிறது. மின்கித்தாரில் அப்பணியை மின்னியல் மேற்கொள்கிறது. எஃகு நரம்புகளின் கீழ், மெல்லிய செப்புக்கம்பி சுற்றப்பட்ட காந்தங்கள் பொருத்தப்பட்டிருக்கும். நரம்பு அதிரும்போது காந்தப்பாயம் மாறுபடுகிறது. அதனால் கம்பிச்சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. அந்த மின்குறிப்பைப் பெருக்கி ஒலிபெருக்கிக்குச் செலுத்தும்போது மின்கித்தாரின் இசை பிறக்கிறது. வணிக முறையிலான முதல் மின்கித்தார்கள் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளிவந்தன.

ஆப்பிரிக்க அமெரிக்க மக்களின் ப்ளூஸ் முதலிய இசை வடிவங்களிலிருந்து கிளைத்து, 1950களில் ராக் இசை வேகமாகப் பரவியது. அதன் முதன்மைக் கருவியாக மின்கித்தார் அமைந்தது. அக்கருவியின் ஒலி எல்லைகளை விரித்தவர்களுள் தலைசிறந்தவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். 1942இல் சியாட்டில் நகரில் பிறந்த அவர் இடக்கைப் பழக்கமுடையவர். வலக்கையால் மீட்டுவோருக்காகச் செய்யப்பட்ட கித்தாரைத் தலைகீழாகத் திருப்பி, நரம்புகளை மாற்றிக் கட்டி வாசித்தார். ஒலிபெருக்கியின் இரைச்சலையும் இசையாக மாற்றினார். வியட்நாம் போர் நடைபெற்றுக்கொண்டிருந்த 1969ஆம் ஆண்டில், உட்ஸ்டாக் விழா மேடையில் அமெரிக்க நாட்டுப்பண்ணை அவர் தனிக்கித்தாரில் வாசித்தபோது, அதனுள் போரின் பேரொலியும் கேட்டது. மறு ஆண்டே, தம் 27ஆம் வயதில் அவர் மறைந்தார். எனினும் உலகெங்கும் கித்தாரை எடுத்த இளைஞர்களுக்கு அவரே முன்மாதிரியானார். தமிழ்நாட்டு இளைஞர்களும் அதற்கு விலக்கல்லர்.

தெரிந்து தெளிவோம்

அயலிலிருந்து வந்த கருவிகளில் தமிழக இசையரங்குகளைக் கவர்ந்த கலைஞர்கள்:
மின் மாண்டலின் – உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014)
சாக்சபோன் – கத்ரி கோபால்நாத் (1949–2019)
கிளாரினெட் – ஏ.கே.சி. நடராஜன்
மின்கித்தார் – சுகுமார் பிரசாத், பிரசன்னா

இராணிப்பேட்டையிலிருந்து

பாலாற்றங்கரையில் அமைந்த இராணிப்பேட்டை, தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். அந்நகரில் வளர்ந்த பிரசன்னா, இளம்வயதிலேயே கித்தாரின்பால் ஈர்க்கப்பட்டார். திரைப்பாடல்களைச் செவிவழியாகக் கேட்டு, அவற்றின் மெட்டையும் பின்னணி இசையையும் தாமே கித்தாரில் கண்டறிந்து வாசிக்கத் தொடங்கினார். இளையராஜாவின் பாடல்களில் நாட்டுப்புற மெட்டும் கர்நாடக இராகமும் மேற்கத்திய இசைக்கோவையும் இணைந்து நின்ற காலம் அது. அப்பாடல்களில் கித்தாருக்கும் சிறப்பான இடம் இருந்தது.

கேட்டதை வாசிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. கர்நாடக இசையை முறையாகக் கற்க முற்பட்டார். வாய்ப்பாட்டுக் கலைஞர் திருவாரூர் பாலசுப்ரமணியத்திடமும் வயலின் கலைஞர் அ. கன்யாகுமாரியிடமும் பயின்றார். இவ்விருவரும் கித்தார் கலைஞர்கள் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. கர்நாடக இசையில் கருவி இசைக்கும் அடிப்படை வாய்ப்பாட்டே. கிருதியின் சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எங்கே மூச்சு எடுக்கப்படுகிறது என்பனவற்றை அறிந்தவரே அதனைக் கருவியில் பாடச்செய்ய இயலும். கித்தாரில் எவ்வாறு வாசிப்பது என்பதைப் பிரசன்னா தாமே தேடிக் கண்டறிந்தார். எதனை வாசிப்பது என்பதை ஆசிரியர்களிடம் கற்றார்.

பள்ளிக் கல்விக்குப் பின், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கப்பல் கட்டுமானப் பொறியியல் பயின்று பட்டம் பெற்றார். கல்லூரி மேடைகளில் ராக் இசை முழங்கிய சூழலில் அவருடைய மின்கித்தாரும் ஒலித்தது. ஒருபுறம் ராக் இசை, மறுபுறம் கர்நாடக இசை, இவற்றோடு பொறியியற் படிப்பு என மூன்றும் ஒரே காலத்தில் அவரிடம் வளர்ந்தன. பட்டப்படிப்பை முழுமையாக முடித்த அவர், பின்னர் இசையையே தம் வாழ்க்கைப் பணியாகத் தேர்ந்தார்.

மெட்டுகளுக்கு இடையே

கித்தாரில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுகள். கர்நாடக இசையில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரத்தானங்கள். எண்ணிக்கை ஒன்றே. அவ்வாறாயின், கித்தாரில் கர்நாடக இசையை வாசிப்பது எளிதாக இருக்க வேண்டுமன்றோ? அவ்வாறில்லை. கர்நாடக இசையின் உயிர், சுரத்தில் நிற்பதில் மட்டுமன்றி, ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்குச் செல்லும் வழியிலும் உள்ளது. அவ்வழியில் நிகழும் அசைவே கமகம் எனப்படுகிறது.

தோடி இராகத்தின் காந்தாரத்தைச் சான்றாகக் கொள்ளலாம். ஏட்டில் எழுதும்போது அது சாதாரண காந்தாரம். கித்தாரில் அதற்குரிய மெட்டை அழுத்தி மீட்டினால் அந்தச் சுரம் ஒலிக்கும். ஆனால் தோடி ஒலிக்காது. ரிஷபத்திற்கும் மத்தியமத்திற்கும் இடையே அக்காந்தாரம் அசைந்து ஒலிக்கும்போதே தோடியின் முகம் தெரிகிறது. சங்கராபரணமும் அத்தகையதே. மேற்கத்திய இசையின் பெருஞ்சுர வரிசைக்கும் சங்கராபரணத்திற்கும் சுரங்கள் ஒன்றே. முத்துசாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு 'நோட்டு சுர' உருப்படிகளைச் சங்கராபரணத்தில் அமைத்தார். அவற்றில் கமகம் இல்லை. ஆதலால் அவை அணிநடையிசை போல் ஒலிக்கின்றன. அதே சுரங்களில் கமகத்துடன் இராக ஆலாபனை செய்யும்போது முற்றிலும் வேறான ஓர் உலகம் விரிகிறது.

நிலையான மெட்டுகளை உடைய கித்தாரில் இவ்வசைவுகளை உண்டாக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நரம்பை அழுத்திய விரலை எடுக்காமல் மெட்டுகளின்மேல் சறுக்கிச் செல்லுதல். மற்றொன்று, ஒரே மெட்டில் நரம்பைப் பக்கவாட்டில் இழுத்து, அதன் இழுவிசையை மிகுத்து, மேலுள்ள சுரத்தை வரவழைத்தல். முதலாவதனைக் கர்நாடக இசையிலக்கணம் 'ஜாரு' என்கிறது. இரண்டாவது, வீணையில் 'ஒடுக்கல்' எனப்படும் கமகம்.

இங்குதான் ஓர் அரிய ஒற்றுமை புலப்படுகிறது. நரம்பை இழுத்து வாசித்தல், ப்ளூஸ், ராக் கலைஞர்களின் உயிர்நாடியான உத்தியாகும். அமெரிக்கக் கித்தார் கலைஞர் தம் துயரைப் பாட நரம்பை இழுத்ததும், தஞ்சையில் வீணைக் கலைஞர் இராகத்தை விரிக்க நரம்பை இழுத்ததும் ஒரே இயற்பியல் செயல். ஒருவரை ஒருவர் அறியாத இரு மரபுகள், மெட்டுகளுக்கு இடையே உள்ள ஒலியைத் தேடி ஒரே வழியைக் கண்டடைந்தன. வேறுபாடு, அவ்வசைவைப் பயன்படுத்தும் இலக்கணத்தில் உள்ளது. ராக் இசையில் அது உணர்ச்சியின் உச்சத்தில் கலைஞர் விரும்பியவாறு எழுவது. கர்நாடக இசையில், எந்தச் சுரம் எவ்வளவு அசைய வேண்டும் என்பதை இராகமே வரையறுக்கிறது.

மின்கித்தாரின் அமைப்பும் இதற்குத் துணைசெய்கிறது. அதன் நரம்புகள் மெல்லியவை, எளிதில் இழுக்கத்தக்கவை. ஒலி மின்னியல் முறையில் பெருக்கப்படுவதால், ஒருமுறை மீட்டிய சுரம் நெடுநேரம் நீடிக்கிறது. ஒரே மீட்டலில் பல சுரங்களைக் கோத்து வாசிக்க இந்நீட்சி உதவுகிறது. ராக் இசையின் முழக்கத்திற்கென உருவான ஆற்றலை, கிருதியின் குழைவிற்கு உரியதாகப் பிரசன்னா மாற்றினார். அவருக்கு முன்னரே சுகுமார் பிரசாத் மின்கித்தாரில் கர்நாடக இசையை வாசித்துச் சென்னை அரங்குகளில் அக்கருவியை அறிமுகப்படுத்தியிருந்தார். அவ்வழியைப் பிரசன்னா மேலும் விரிவாக்கி, பல நாடுகளின் மேடைகளுக்குக் கொண்டுசென்றார்.

தெரிந்து தெளிவோம்

கமகங்களும் கித்தார் உத்திகளும்
ஜாரு – விரலைச் சறுக்கி ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்தை அடைதல். மேலேறுவது ஏற்ற ஜாரு. கீழிறங்குவது இறக்க ஜாரு.
ஒடுக்கல் – ஒரே மெட்டில் நரம்பை இழுத்து மேல்சுரத்தை ஒலித்தல்.
கம்பிதம் – சுரத்தை அசைத்து ஒலித்தல்.

இரு மரபுகளின் மாணவர்

கர்நாடக இசையில் தேர்ச்சி பெற்ற பின்னரும் பிரசன்னா மீண்டும் மாணவரானார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெர்க்லி இசைக்கல்லூரியில் சேர்ந்து, ஜாஸ் இசையையும் மேற்கத்தியச் செவ்வியல் இசையாக்கத்தையும் பயின்றார். கர்நாடக இசை ஒற்றை மெட்டின் நெறியில் செல்வது. மேற்கத்திய இசையில் பல சுரங்களை ஒருசேர ஒலித்து இணைவிசை உண்டாக்குவது முதன்மையானது. ஆறு நரம்புகளையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவல்ல கித்தார், இவ்விரு முறைகளுக்கும் இடம்தரும் கருவி. ஜாஸ் இசைக்கும் கர்நாடக இசைக்கும் பொதுவான ஒரு பண்பும் உண்டு. முன்னரே எழுதி வைக்கப்படாத இசையை மேடையிலேயே படைக்கும் கற்பனைத் திறனே அது. நம் மரபு அதனை மனோதர்மம் என்கிறது.

இருவகைக் கல்வியின் பயனை அவருடைய இசைத்தொகுப்புகளில் காணலாம். மும்மூர்த்திகள் உள்ளிட்டோரின் கிருதிகளை மரபு வழுவாமல் கித்தாரில் வாசித்த தொகுப்புகள் ஒருவகை. மற்றொரு வகைக்குச் சான்றாக 2006இல் வெளிவந்த 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' அமைகிறது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 1968ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' என்பதன் பெயரைத் தழுவிய இது, அக்கலைஞருக்குப் பிரசன்னா செலுத்திய இசை வணக்கம். ராக் கித்தாரின் முழக்கத்திற்குக் கர்நாடகத் தாளக் கருவிகள் துணைநிற்க, சியாட்டிலில் பிறந்த கலைஞரின் மரபு தமிழ்நாட்டு மரபோடு இதில் உரையாடுகிறது.

'ஸ்மைல் பிங்கி' என்னும் ஆவணப்படத்திற்கும் பிரசன்னா இசையமைத்தார். உதட்டுப் பிளவுடன் பிறந்ததால் ஒதுக்கப்பட்ட உத்தரப்பிரதேசச் சிறுமி ஒருத்தி, அறுவை சிகிச்சையால் மறுவாழ்வு பெறுவதைக் காட்டும் அப்படம், 2009இல் சிறந்த குறும் ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அமெரிக்காவில் வாழும் தமிழ் வழித்தோன்றலான பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபலாக் கலைஞர் நிதின் மிட்டா ஆகியோருடன் இணைந்து அவர் உருவாக்கிய 'தீர்த்தா' என்னும் இசைத்தொகுப்பு 2011இல் வெளிவந்தது. மூவரும் மூன்று பயிற்சி மரபுகளைச் சேர்ந்தவர்கள். ஒருவர் மற்றவரைப் பின்பற்றாமல், ஒருவர் மற்றவரைக் கேட்டு வாசிப்பதே அவ்விசையின் சிறப்பு.

கடற்கரையில் ஓர் இசைப்பள்ளி

இந்தியாவில் ராக், ஜாஸ் போன்ற இசைகளைக் கற்க விரும்பிய இளைஞர், அக்காலத்தில் பெரும்பாலும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தாமே பயில வேண்டியிருந்தது. அல்லது பெரும்பொருள் செலவிட்டு வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. பிரசன்னா இவ்விரு வழிகளிலும் நடந்தவர். தமக்குப் பின் வருவோர்க்கு மூன்றாவது வழியொன்றை அமைக்கும் நோக்கில், 2010இல் சுவர்ணபூமி இசைக்கழகத்தைத் தோற்றுவித்து அதன் தலைவராகப் பொறுப்பேற்றார். மாமல்லபுரத்திற்குத் தெற்கே, செய்யூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அது அமைந்தது. அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வட்டம், 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் உருவானபோது அதன் பகுதியாயிற்று.

ராக், ஜாஸ், ப்ளூஸ் ஆகிய இசைவகைகளோடு கர்நாடக இசையும் அங்குக் கற்பிக்கப்பட்டது. ஐந்து, ஏழு, ஒன்பது எனப் பகுத்தெண்ணும் தாளக் கணக்குகள் நம் இசையில் பன்னெடுங்காலமாக வளர்ந்தவை. 'தகதிமி', 'தகதகிட' முதலிய சொற்கட்டுகளை வாயால் சொல்லிப் பழகும் முறை, மேற்கத்திய முரசுக் கலைஞருக்கும் பயன்தருவது. இணைவிசை பற்றிய மேற்கத்தியக் கல்வியும் நம் கலைஞருக்குப் பயன்தருவது. ஒரு மரபைத் தாழ்த்தி மற்றொன்றை உயர்த்தாமல், இரண்டையும் உரிய இலக்கணத்துடன் கற்பதே இத்தகைய கல்வியின் அடிப்படை.

சீறியாழ்ப் பாணனை ஆற்றுப்படுத்திய நத்தத்தனாரின் இடைக்கழிநாடும் இதே செய்யூர் வட்டத்தில் உள்ளது. பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனுக்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை. தாம் பெற்ற கல்வியைப் பிறரும் பெற வழிகாட்டுதல் என்னும் அப்பண்பை, அந்நிலத்தில் எழுந்த இசைப்பள்ளியிலும் காணமுடிகிறது.

கருவியும் மரபும்

கித்தாரைக் கர்நாடக இசைக்கு ஏற்றுக்கொள்வது பற்றி இன்றும் இருவேறு கருத்துகள் உள்ளன. நம் வீணையும் கோட்டுவாத்தியமும் கற்போர் குறைந்துவரும் வேளையில் அயற்கருவி எதற்கு என வினவுவோர் உளர். அவ்வினாவைப் புறந்தள்ளுதல் முறையன்று. யாழ் மறைந்தது போல் மற்றொரு கருவியும் மறைந்துவிடலாகாது என்னும் அக்கறை அதில் உள்ளது. அதே வேளையில், வயலின் வந்தபின் வீணை அழியவில்லை என்பதும் உண்மை. புதிய கருவியால் மரபு அழிவதில்லை. மரபைக் கல்லாமல் கருவியை மட்டும் ஏந்தும்போதே மரபு மெலிகிறது.

பிரசன்னாவின் வாழ்வு உணர்த்துவதும் இதுவே. மின்கித்தார் தோடியைப் பாடியது அக்கருவியின் இயல்பால் அன்று. தோடியைப் பாடக் கற்றவர் அதனைக் கையில் எடுத்ததால். ஹெண்ட்ரிக்ஸின் இசை தமிழ்நாட்டில் புதுப்பொருள் பெற்றதும், அதனை முழுமையாகக் கற்ற ஒருவர் அதனை நம் தாளங்களோடு இணைத்ததால். இரண்டில் ஒன்றை மேலோட்டமாக அறிந்திருந்தாலும் அந்த இணைப்பு வெறும் கலவையாக நின்றிருக்கும். ஆழ்ந்து கற்றவர் கையில், ஆறு நரம்புகளும் ஏழு சுரங்களும் ஒன்றையொன்று அறிந்துகொண்டன.

கற்பவை கற்றபின்

1. ஒரே பாடலை வாய்ப்பாட்டாகவும் ஒரு கருவி வழியாகவும் கேட்டு, இரண்டிலும் சுரங்கள் அசையும் முறையை ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.
2. உங்கள் ஊரில் வழங்கும் நரம்புக்கருவி, தோற்கருவி, துளைக்கருவி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதனை இசைப்போரைச் சந்தித்து, அக்கருவியின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா
1. இடைக்கழிநாடு தமிழ் இலக்கிய வரலாற்றில் பெறும் இடம் யாது?
2. அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியதன் காரணம் என்ன?

சிறுவினா
1. மின்கித்தாரில் ஒலி உண்டாகும் முறையை விளக்குக.
2. தோடி இராகத்தின் காந்தாரத்தை மெட்டில் அழுத்தி மீட்டினால் மட்டும் தோடி பிறக்காது – ஏன்?

நெடுவினா
1. 'மரபைக் கல்லாமல் கருவியை மட்டும் ஏந்தும்போதே மரபு மெலிகிறது' – பிரசன்னாவின் இசைவாழ்வைக் கொண்டு இக்கூற்றை நிறுவுக.